சில தளர்வுகளுடன்

ஊரடங்கு அறிவித்ததும் தெருவே எங்களைப் பொறாமையோடு பார்த்தது. "உங்களுக்கென்னம்மா, பிள்ளைங்க எப்பவும் வீட்ல படிக்கிறவங்கதானே!" என்றார் எதிர்வீட்டு மாமி. வீட்டுக்கல்விப் பிள்ளைகள் வீட்டில்தான் இருப்பார்கள் என்பது ஊரில் உலவும் பெரிய வதந்தி. திங்கள் சிலம்பம், செவ்வாய் பாட்டு, புதன் நீச்சல், வியாழன் செஸ், வெள்ளி மறுபடியும் பாட்டு. இடையில் நூலகம், கிண்டி பாம்புப் பண்ணை. எங்கள் வீட்டுக்கல்வியில் பாதி ஸ்கூட்டரில் நடந்தது. என் பிள்ளைகள் முதன்முதலாக வீட்டில் படித்தது 2020 மார்ச் 25 அன்றுதான்.

சிக்கல், திறக்கும்போது வந்தது. 2021 செப்டம்பர் 1 அன்று 9 முதல் 12 வரை, நவம்பர் 1 அன்று 1 முதல் 8 வரை என்று தமிழக அரசு படிப்படியாகப் பள்ளிகளைத் திறந்தது. மற்ற பெற்றோருக்குத் திட்டுவதற்கு ஓர் அரசு இருந்தது. சீக்கிரம் திறந்துவிட்டார்கள் என்று பாதிப் பேர் திட்ட, இவ்வளவு தாமதமா என்று மீதிப் பேர் திட்டினார்கள். எங்களுக்கு அந்த வசதி இல்லை. மகளுக்கு வயது 11, மகனுக்கு 8. எந்த வகுப்பு என்று யாராவது கேட்டால் இருவரும் என்னைப் பார்ப்பார்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத 14 வயதாக வேண்டும். அதுவரை எந்த அரசாணையும் இவர்களைக் கண்டுகொள்ளாது. ஆகவே அரசாங்கத்தையும் நாங்களே நடத்த வேண்டியதாயிற்று.

நல்லவேளை, அப்பா வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவர். அன்றே ஒரு கோப்பு திறந்து, நாடா போட்டுக் கட்டிவிட்டார்.

சிலம்பத்துக்கு உடனடி அனுமதி. திறந்த மைதானம், தவிர, "கம்பு சுத்துறவன்கிட்ட ஆறடிக்குள்ள எவன் வருவான்?" என்றார். நீச்சல் நிராகரிப்பு. "குளோரின் கிருமியைக் கொன்னுடும் தாத்தா" என்று மகள் வாதாடினாள். "தண்ணிக்குள்ள கொல்லும். டிரஸ் மாத்துற ரூம்ல யாரு கொல்லுவா?" செஸ் பரிசீலனையில் வைக்கப்பட்டது. அப்பா பணியாற்றிய துறையில் அதற்கு என்ன பொருள் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும்.

பாட்டு வகுப்புதான் கோப்பைப் பருக்க வைத்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2020 மார்ச் 10 அன்று நடந்த ஒரு சேர்ந்திசை ஒத்திகைக்கு வந்த 61 பேரில் 53 பேருக்கு நோய் கண்டதாக எங்கோ படித்துவிட்டு, அதை 'பார்வை 1' என்று கோப்பில் சேர்த்திருந்தார். வாய் திறந்து பாடினால் பேசுவதைவிட அதிக நுண்துளிகள் வெளியேறுமாம். (என் மகன் பாடினால் கேட்பவர்களும் வெளியேறுவார்கள், ஆனால் அது வேறு கோப்பு.) பாட்டு டீச்சர் வீடு இரண்டாம் மாடி, ஏ.சி. அறை. ஜன்னலைத் திறந்து வைத்தால் அனுமதி என்று எழுதினார்.

டீச்சர் எனக்குப் போன் செய்தார். "மூடினா கொரோனா, திறந்தா கொசு, டெங்கு. எந்த வியாதி சௌகரியம்னு அப்பாவைக் கேட்டுச் சொல்லுங்கோ."

மொட்டைமாடியில் வகுப்பு என்று சமரசம் ஏற்பட்டது. ஒரே ஒரு மாலை சரளி வரிசை தெரு முழுக்கக் கேட்டது. நவம்பர் 6 இரவு கொட்டத் தொடங்கிய மழை சென்னையையே மூழ்கடித்தது. எங்கள் ஆணையும் ரத்து. எதிர்வீட்டு மாமி மழைக்கு நன்றி சொன்னதாகக் கேள்வி.

இத்தனை நாளும் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. தாத்தாவிடம் குறிப்பு எழுதக் கற்றுக்கொண்டிருந்தார்கள். மறுவாரம் கோப்பில் புதிதாக ஒரு மனு, இருவர் கையொப்பத்துடன். பொருள்: காலைக் கணக்கு வகுப்பு. மூடிய அறை, நெருங்கிய தொடர்பு, ஒரு மணி நேரத்துக்கு மேல், வகுப்பு எடுப்பவர் முகக்கவசம் அணிவதில்லை, உரத்த குரலில் பேசுகிறார். பொதுநலன் கருதி மறு உத்தரவு வரும்வரை மூட வேண்டும்.

அப்பா இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, என்னை நிமிர்ந்தே பார்க்காமல் ஓரத்தில் பச்சை மையில் எழுதினார்: "மனுதாரர்களின் கோரிக்கை நியாயமானது."