ஜரூரின் ஊரும் பேரும்

தமிழ் நாளிதழ் ஒன்றின் மாவட்டப் பக்கத்தை எந்த நாளில் புரட்டினாலும் ஏதோ ஒன்று ஜரூராக நடந்துகொண்டிருக்கிறது. தேர் வெள்ளோட்டத்துக்கு ஏற்பாடு ஜரூர். கரும்பு வெட்டு ஜரூர். மே மாதம் என்றால் டெல்டாவில் தூர்வாரும் பணி ஜரூர். மேட்டூர் அணையைத் திறக்கும் மரபுத் தேதியான ஜூன் 12 நெருங்க நெருங்க அது இன்னும் ஜரூர். ஓய்வே இல்லாமல் உழைக்கும் இந்தச் சொல் எந்த ஊர்க்காரன், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் ஓர் எதிர்வாதத்தைத் தீர்த்துவிட வேண்டும். ‘ஜர்’ என்பது ஒலிக்குறிப்பு, ‘ஊர்’ என்பது நகர்தல். ஆகவே ஜர்ரென்று ஊர்வதே ஜரூர், இது பச்சைத் தமிழ் என்று யாரேனும் கிளம்பக்கூடும். ஏற்பதற்கில்லை. நம் சாலைப் பணிகள் ஊர்கின்றன என்பது மெய்தான். ஆனால் ஒலி எழுப்பி ஊர்வதாகச் சான்று இல்லை. திருவாரூர், பேரூர் போல இதுவும் ஓர் ஊர்ப்பெயர் என்பாரும் உண்டாகலாம். அப்படி ஓர் ஊர் இருக்குமானால் அங்கே பேருந்து நிலையம் இன்னும் கட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கும்.

உண்மையில் இது அரபுச் சொல். தேவை, தவிர்க்க முடியாத நெருக்கடி என்பது அங்கே அதன் பொருள். உறவுக்காரர்களைப் பார்த்தால் குடும்பம் அவ்வளவு கலகலப்பானதாகத் தெரியவில்லை. கேடு என்பதற்கான சொல்லும், பார்வையிழந்தவர் என்பதற்கான சொல்லும், சக்களத்தி என்பதற்கான சொல்லும் அதே வேரில் பிறந்தவை. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த பிள்ளை தமிழ்நாட்டில் சுறுசுறுப்புக்குப் பெயரெடுத்தது வியப்புதான்.

அரபில் இச்சொல்லின் முதலெழுத்து ‘ளாத்’. அரபிகள் தங்கள் மொழியையே ‘ளாத்தின் மொழி’ என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அவர்களுக்கு அதில் பெருமிதம். பாரசீகர் வாயில் அந்த ஒலி நுழையவில்லை. உரசும் ஜகரமாக மாற்றிக்கொண்டார்கள். பாரசீகம், உருது, மராத்தி வழியாகத் தரைமார்க்கமாய் இங்கு வந்தபோது உரசலும் தேய்ந்து நம் ‘ஜ’ ஆனது. ஜில்லா, ஜப்தி, ஜாமீன் மூன்றும் இதே எழுத்தில் தொடங்கி இதே பாதையில் வந்தவை. நான்கையும் வரிசையில் நிறுத்தினால் கச்சேரி மேசையின் வாசனை அடிக்கும். ஜில்லாவில் ஜப்தி ஜரூர், ஜாமீன் இல்லை என்றால் ஒரு குடியானவனின் வாழ்க்கை வரலாறே முடிந்துவிடுகிறது.

கடல்மார்க்கமாக வந்த சொற்களின் கதை வேறு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபு நேரே கரையிறங்கியது. அதனால்தான் உருது பேசுவோர் ரம்ஜான் என்பதைத் தமிழ் முஸ்லிம்கள் ரமலான் என்கிறார்கள். இலங்கையில் ரமழான் என்றே எழுதுகிறார்கள். கட்டாயக் கடமையைக் குறிக்கும் ‘பர்ளு’வின் ளகரமும் அந்த ளாத்தான். ஜரூரும் கப்பலேறி வந்திருந்தால் ‘மேம்பாலப் பணி ழரூர்’ என்று நாம் வாசித்திருப்போம். சிறப்பு ழகரம் இருக்கிறதே என்று அதற்குத் தமிழ்ச் சொல் பட்டமும் கிடைத்திருக்கும். ஆனால் ழகரம் மொழிக்கு முதலில் வராது என்பது இலக்கணம். முன்னால் ஓர் இகரம் சேர்த்து ‘இழரூர்’ என்று திருத்தி முடிப்பதற்குள் பாலப்பணி நின்றுபோயிருக்கும். தரைவழியே வந்ததே நல்லது.

இனிப் பொருளுக்கு வருவோம். வடக்கே இந்தியில் ஜரூர் என்றால் ‘நிச்சயம்’. தெலுங்கிலும் கன்னடத்திலும் ஜரூரு என்றால் ‘அவசரம்’. தமிழுக்கு வந்ததும் ‘விறுவிறுப்பு’. தெற்கே வர வர உறுதி தேய்ந்து வேகம் வளர்கிறது என்னும் விதியை இதிலிருந்து பெறலாம். வடக்கே அது வேலை நடக்கும் என்று வாக்குக் கொடுத்தது; நடுவழியில் சீக்கிரம் நடக்க வேண்டும் என்று பதறியது; இங்கே நடந்துகொண்டிருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டது. மாற்றம் எங்கே நிகழ்ந்தது? ஆர்க்காட்டு நவாபுகளின் கச்சேரியிலோ, 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராத்தியரின் கச்சேரியிலோ இருக்கலாம் என்பது என் ஊகம். கிஸ்தி வசூலுக்கு அவசரத் தாக்கீது ஒன்று புறப்படுகிறது. அதை வாங்கிக்கொண்டு சேவகன் ஓடுகிறான். தாக்கீதைப் படிக்கத் தெரியாத ஊர், அவன் ஓட்டத்தைப் பார்த்து அதுதான் ஜரூர் போலும் என்று முடிவுகட்டுகிறது.

வழக்காற்றில் ஒரு நுட்பம் உண்டு. ஆள் ஜோராக இருக்கலாம், குஷியாக இருக்கலாம். ஜரூராக இருக்க முடியாது. வேலைதான் ஜரூர். அதுவும் முடிந்த வேலைக்கு இச்சொல் ஒட்டாது. ‘திறப்பு விழா ஏற்பாடு ஜரூர்’ உண்டு. திறந்த பின் அந்தக் கட்டடத்தை ஜரூர் திரும்பிப் பார்ப்பதில்லை. சட்டத்துக்கு உட்பட்டதா இல்லையா என்ற பேதமும் அதற்குக் கிடையாது. லாட்டரிச் சீட்டைத் தமிழகம் 2003இல் தடைசெய்தது. ‘லாட்டரி விற்பனை ஜரூர்’ என்ற தலைப்பை யாரும் தடைசெய்யவில்லை. தேவை நெருக்கினால் விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்று இஸ்லாமியச் சட்டத்தில் ஒரு நெறி உண்டு. அங்கே ‘தேவை’க்கு வரும் சொல் நம் ஜரூரின் உடன்பிறப்பு என்பதை மணல் லாரிக்காரர்கள் அறிந்திருக்க நியாயமில்லை.

தனித்தமிழ் அன்பர்கள் மும்முரம், சுறுசுறுப்பு என்று மாற்று தருகிறார்கள். மாத்திரைக் கணக்கு அவர்களுக்குப் பாதகமாக இருக்கிறது. மும்முரம் நான்கு மாத்திரை. சுறுசுறுப்பு, ஈற்றுக் குற்றியலுகரத்தைக் கழித்துக்கொண்டாலும் ஐந்து. ஜரூர் மூன்றரை. ஒரு பத்தித் தலைப்பில் அந்த அரை மாத்திரைக்கு என்ன விலை என்று உதவி ஆசிரியர்களைக் கேட்க வேண்டும். யாப்பிலும் அதற்கு இடம் உண்டு: குறில், நெடில், ஒற்று சேர்ந்த தனி நிரையசை, ‘மலர்’ என்னும் வாய்பாடு. ஆக, எந்த வேலையையும் முடித்துக் காட்டாத சொல், வெண்பாவை மட்டும் இலக்கணச் சுத்தமாக முடித்துக் கொடுக்கும்.

கடைசியாகக் களச்சான்று. இன்று சென்னைக் கட்டுமானங்களில் வடமாநிலத் தொழிலாளர் பலர் வேலை செய்கிறார்கள். ‘பொங்கலுக்குள்ள முடிச்சிருவியா தம்பி?’ என்று மேஸ்திரி கேட்டால், ‘ஜரூர், சாப்’ என்று பதில் வரும். நிச்சயம் முடியும் என்கிறார் அவர். வேகமாகப் போகிறது என்று கேட்டுக்கொள்கிறார் இவர். மேஸ்திரி முதலாளிக்குப் போன் போட்டு, ‘வேலை ஜரூரா நடக்குதுங்க’ என்கிறார்.