விழப்போகும் பல்லுக்கு வக்காலத்து

இம்மாதம் வந்து குவிந்த கடிதங்களில் அரசியலைப் பற்றியும் சினிமாவைப் பற்றியும் கேட்டவர்கள் சிலரே. குழந்தைகளின் பற்களைப் பற்றிக் கேட்டவர்களோ பலர். தேசத்தின் பிரச்சினைகளெல்லாம் தீர்ந்துவிட்டன என்பது இதற்கு அர்த்தமா, அல்லது விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் பல்வலியென்று அழுது பெரியவர்களின் நித்திரையைக் கெடுத்துவிட்டார்கள் என்பது அர்த்தமா என்ற ஆராய்ச்சியில் இறங்காமல், நேரே பதில்களுக்கு வந்துவிடுகிறோம்.

எப்படியும் விழப்போகிற பால் பல்லுக்குப் பணம் செலவழித்துச் சொத்தையை அடைப்பது வீண்தானே?
— சிக்கனமான ஒரு தகப்பனார், ஈரோடு

பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கும் வித்தையைத் தாங்கள் அறியாதவரல்லர். பால் பல் பார்க்கும் உத்தியோகங்களில் தலையாயது அதுவே. பின்னால் வரவிருக்கும் நிலையான பல்லுக்காக அது தாடையில் துண்டு போட்டு வைக்கிறது. ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் முதற்பல் தலைகாட்டி, மூன்று வயது நிரம்புவதற்குள் இருபதும் முளைத்துவிடுகின்றன. இவற்றுள் முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விடைபெற்றுக்கொண்டாலும், பின்னாலுள்ள பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரையில் மெல்லும் பொறுப்பை விட்டு நகருவதில்லை. அத்தனை வருஷம் ஊழியம் செய்ய வேண்டியதை நான்கு வயதிலேயே பறிகொடுத்தால், பக்கத்துப் பற்கள் காலியிடத்தில் சாய்ந்துவிட, உரிய பல் இடமின்றிக் கோணலாக முளைக்கிறது. சொத்தை ஆழமாகி வேரடியில் சீழ் வைத்தாலோ, கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிலையான பல்லின் எனாமலும் பழுதாகக்கூடும். தங்கள் சிக்கனத்தை மெச்சுகிறோம். பதினான்கு வயதில் பையனின் பல்லுக்குக் கம்பி கட்டப் போகும்போது அதே சிக்கனம் துணைக்கு வருமா என்பதை மாத்திரம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் காலத்தில் பல்லில் பூச்சி விழுந்தால் கண்டங்கத்திரி விதையைப் புகைத்து வெளியே எடுத்துவிடுவார்கள். அந்தப் பூச்சிகளெல்லாம் இப்போது எங்கே போயின?
— ஒரு தாத்தா, மன்னார்குடி

எங்கும் போகவில்லை; இருந்தால்தானே போவதற்கு! பல்லைப் புழு அரிக்கிறது என்ற நம்பிக்கை நமக்கு மாத்திரம் உரியதன்று; உலகத்தில் பல ஜாதியாரும் பல நூற்றாண்டுகள் அதை நம்பியிருந்தார்கள். பிரான்ஸ் தேசத்துப் பல் வைத்தியரான பியேர் ஃபோஷார் 1728-இல் வெளியிட்ட நூலில், தாம் தேடிப் பார்த்தும் அப்படியொரு புழுவைக் காணவில்லை என்று எழுதினார். பெர்லினில் ஆராய்ச்சி செய்த மில்லர் என்ற அமெரிக்கர் 1890-இல் உண்மையான குற்றவாளியை அடையாளம் காட்டினார். வாயில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள், நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவையும் தாமும் உண்டு, அதற்குப் பிரதியாக அமிலத்தைச் சுரக்கின்றன. அந்த அமிலமே எனாமலிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. பால் பல்லின் எனாமல் நிலையான பல்லினுடையதைவிட மிகவும் மெல்லியதாகையால், பெரியவர்களுக்கு வருஷக்கணக்கில் நடக்கும் சேதம் குழந்தைக்குச் சில மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. இந்தக் கிருமிகள் குழந்தைக்குப் பெரும்பாலும் வீட்டாரின் எச்சிலிலிருந்தே வருகின்றன என்பதையும், ருசி பார்த்த கரண்டியாலேயே பேரனுக்கு ஊட்டும் பாட்டியாரிடம் தாங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். எமக்கு அத்தனை தைரியம் இல்லை.

குழந்தைக்கு நாளொன்றுக்கு எத்தனை மிட்டாய் வரையில் அனுமதிக்கலாம்?
— மருமகனிடம் பிரியமுள்ள மாமா, சிவகாசி

எத்தனை என்பதைக் காட்டிலும் எத்தனை தடவை என்பதே முக்கியம். இனிப்பு உள்ளே போனதும் வாயின் அமிலத்தன்மை சட்டென்று ஏறி, உமிழ்நீர் அதைச் சமாதானம் செய்து பல்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. ஆகையால், மத்தியானச் சாப்பாட்டுடன் நான்கு மிட்டாய்களைச் சேர்த்துத் தின்று வாயைக் கொப்பளித்த குழந்தையின் பல்லுக்கு ஒரே ஒரு சோதனைதான். அதே நான்கைக் காலை முதல் மாலை வரை ஒவ்வொன்றாகச் சப்பிய குழந்தையின் பல்லுக்கோ நான்கு சோதனைகள். சுவீடனில் விபெஹோல்ம் என்னுமிடத்து மனவளர்ச்சி குன்றியோர் விடுதியில் 1945-இல் தொடங்கிய பரிசோதனைகள் இதைத்தான் நிரூபித்தன. சாப்பாட்டுக்கிடையே பல்லில் ஒட்டும் மிட்டாயைத் தின்றவர்களுக்கே சொத்தை மிகுதியாயிற்று. சம்மதம் சொல்ல இயலாத நோயாளிகளின் பற்களைப் பாழாக்கிப் பெற்ற அறிவு அது என்பதால் பிற்காலத்தார் அதை நியாயமாகவே கண்டித்தார்கள். அவ்வளவு விலை கொடுத்துப் பெற்ற பாடத்தை நாம் இன்னும் கற்காமலிருப்பது இரண்டாவது அநியாயம். கருப்பட்டி, தேன், பனங்கற்கண்டு ஆகியவை உடம்புக்கு நல்லவை என்று வாதிப்போருக்கு ஒரு வார்த்தை: கிருமிகள் அந்தப் பேதம் பார்ப்பதில்லை. பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்ளும் பிஸ்கெட்டும், இனிப்பான இருமல் சிரப்பும் இந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

என் குழந்தை பால் புட்டியை வாயில் வைத்துக்கொண்டுதான் தூங்குவான். மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பாகிவிட்டன. கீழ்ப்பற்கள் வெள்ளையாகவே இருக்கின்றன. இதென்ன விந்தை?
— ஒரு தாய், கோயம்புத்தூர்

விந்தையன்று அம்மணி; பல் டாக்டர்கள் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடும் அடையாளம் இது. புட்டியைச் சப்பும்போது நாக்கு கீழ் முன்பற்களை மூடிக் காக்கிறது. அங்கே உமிழ்நீரும் தாராளமாக ஊறுகிறது. மேல் முன்பற்களுக்கோ இவ்விரண்டு பாதுகாப்பும் இல்லை. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடுவதால், பால் அப்பற்களின் மேல் தேங்கி, கிருமிகளுக்கு இரவு முழுவதும் விருந்து நடக்கிறது. பாலைத் தூங்குவதற்கு முன்பே கொடுத்து, பல்லைத் தேய்த்துவிட்டுப் படுக்க வையுங்கள்; இடையில் புட்டி இல்லாமல் முடியாதென்று அவன் பிடிவாதம் பிடித்தால், அதில் வெறும் தண்ணீர் இருக்கட்டும். ஒரு வயதுக்கு மேல் புட்டியை விட்டு டம்ளருக்குப் பழக்குவதே உத்தமம். பழுப்பான பற்களைத் தாமதியாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பேரனுக்கு மேல்பல் முதலில் முளைத்துவிட்டது. தாய்மாமனுக்கு ஆகாது என்கிறார்களே, பரிகாரம் உண்டா?
— கவலையுள்ள பாட்டி, சாத்தூர்

உண்டு. பெரும்பாலும் கீழ் முன்பற்களே முந்துகின்றனவென்றாலும், சில குழந்தைகளுக்கு மேலவை முந்துவதும் சகஜமே. தாய்மாமனுக்கு இதனால் நேரக்கூடிய ஒரே நஷ்டம், இனி மிட்டாய்ப் பொட்டலத்துக்குப் பதிலாகச் சிறிய பிரஷ் ஒன்று வாங்கி வரவேண்டியிருப்பதுதான். பரிகாரம் பேரனுக்கே: முதற்பல் தெரிந்த நாளிலிருந்து தேய்க்கத் தொடங்குவது ஒன்று, முதற் பிறந்த நாளுக்குள் பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது மற்றொன்று.

பல் முளைக்கும்போது பேதியும் ஜுரமும் சகஜம். தானே சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். சரிதானா?
— மாமியாரை எதிர்க்க விரும்பாத மருமகள், மாயவரம்

ஈறு அரிப்பதும், எச்சில் வடிவதும், கையில் கிடைத்ததைக் கடிப்பதும் பல் முளைப்பதன் அடையாளங்கள்; கடுமையான ஜுரமும் பேதியும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மரணப் பதிவேடுகளிலேயே குழந்தைகள் இறந்ததற்குக் காரணம் ‘பல் முளைத்தல்’ என்று எழுதிவைத்தார்கள். ஆகவே தங்கள் மாமியாருக்குப் பெரிய துணை இருக்கிறது. உண்மை என்னவெனில், தாயிடமிருந்து பெற்ற நோயெதிர்ப்புச் சக்தி குறைந்துவரும் அதே ஆறாம் மாதத்தில்தான் குழந்தை கண்டதையெல்லாம் வாயில் வைக்கவும் தொடங்குகிறது. பழி பல்லின் மேல் விழுகிறது. பேதி கண்டால் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். மாமியாரை எதிர்க்க வேண்டாம். கூடவே அழைத்துக்கொண்டு போங்கள்.

எங்கள் ஜில்லாவில் தண்ணீரிலுள்ள ஃப்ளோரைடால் பற்கள் மஞ்சளாகின்றன. பேஸ்ட் விளம்பரமோ அதே ஃப்ளோரைடைப் புகழ்கிறது. யாரை நம்புவது?
— குழம்பிய வாசகர், தர்மபுரி

இருவரையுமே நம்பலாம், வித்தியாசம் அளவில் இருக்கிறது. கொஞ்சமாகப் பல்லின் மேல் பட்டால் எனாமலை அமிலத்துக்கு எதிராக உறுதிப்படுத்துவதும், குழந்தைப் பருவத்தில் அதிகமாக வயிற்றுக்குள் போனால் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லைக் கறைப்படுத்துவதும் ஒரே வஸ்துதான். அமெரிக்காவில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தார் சொத்தையைக் குறைப்பதற்காக 1945-இல் குடிதண்ணீரில் இதை அளவாகக் கலக்கத் தொடங்கினார்கள். நம் பக்கத்திலோ, அளவு மீறினால் இது எலும்பையும் முடக்கும் என்பதை 1937-இலேயே அந்நாளைய சென்னை ராஜதானியில் ஆராய்ந்த மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். தங்கள் ஜில்லாவுக்கு ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்ததன் நோக்கங்களில் ஒன்று, ஆழ்குழாய்க் கிணற்றின் ஃப்ளோரைடிலிருந்து மக்களைக் காப்பதே. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீரையே பயன்படுத்துங்கள். பேஸ்ட் விஷயத்தில், மூன்று வயது வரை ஓர் அரிசியளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு, துப்பத் தெரிந்தவுடன் துப்பிவிடுவது என்பது பொதுவான விதி. தங்கள் ஊர்த் தண்ணீரை உத்தேசித்து உள்ளூர்ப் பல் டாக்டரின் யோசனையையும் கேட்டுக்கொள்வது நலம். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கும் வழியும் பேஸ்ட், பேஸ்ட் விற்பவரின் க்ஷேமத்துக்காக ஏற்பட்டது.

என் மகனுக்கு ஐந்து வயது. தானே தேய்த்துக்கொள்வேன் என்கிறான். சுயமரியாதையை வளர்க்க விட்டுவிடலாமா?
— முற்போக்கான தந்தை, சென்னை

சுயமரியாதை வளரட்டும், சொத்தையும் கூடவே வளராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பல்லின் எல்லாப் பக்கங்களையும் தேய்க்கும் கைப்பக்குவம் ஏழெட்டு வயதுக்கு முன் வருவதில்லை. முதலில் அவன் தேய்க்கட்டும். பிறகு பின்புறமாக நின்று, அவன் தலையைத் தங்கள் மார்பில் சாய்த்துக்கொண்டு, கடைவாய்ப் பற்களை முதலில் கவனித்துத் தாங்கள் ஒருமுறை தேய்த்துவிடுங்கள். காலையில் தேய்ப்பதை நம் நாட்டில் யாரும் மறப்பதில்லை. சாப்பிட்ட மிச்சமெல்லாம் பல்லில் தங்கியிருக்கும் இரவு வேளையில்தான் ‘குழந்தை தூங்கிவிட்டது’ என்ற சாக்கு எல்லா வீட்டிலும் எழுகிறது.

என் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கு வரிசையின் கடைசிப் பல்லில் சொத்தை. பெற்றோரிடம் சொன்னால் ‘பால் பல்தானே, விழுந்துவிடும்’ என்கிறார்கள்.
— இரண்டாம் வகுப்பு ஆசிரியை, திருநெல்வேலி

அது விழாது, அம்மணி. ஆயுள் முழுவதும் இருக்க வந்த பல் அது. ஆறு வயதில், எந்தப் பால் பல்லும் விழாமலே, வரிசைக்குப் பின்னால் முதல் நிலையான கடைவாய்ப் பல் நான்கு மூலைகளிலும் ஓசைப்படாமல் முளைக்கிறது. ஒரு பல் விழுந்தால்தான் மறு பல் வருமென்று எண்ணிக் கொண்டிருக்கும் பெற்றோர் அதன் வருகையை அறிவதேயில்லை. அதன் மேற்பரப்பிலுள்ள ஆழமான பள்ளங்களில் உணவு தங்குவதால் சொத்தையும் முதலில் அங்கேதான் பிடிக்கிறது. பல் முளைத்த புதிதிலேயே அப்பள்ளங்களைப் பூச்சால் மூடிவிடும் எளிய சிகிச்சை உண்டு. தங்கள் வகுப்பிலுள்ள ஒவ்வொரு தாயாரும் இன்றிரவு பிள்ளையின் வாயைத் திறந்து பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தாங்கள் மார்க்கைப் பற்றிப் பேச நேரம் கிடைக்கும்.

கிரிக்கெட் பந்து பட்டு ஒன்பது வயதுப் பையனின் முன்பல் வேரோடு விழுந்துவிட்டது. கூரைமேல் எறிந்துவிட்டோம்.
— அனுதாபத்துக்குரிய பெற்றோர், மதுரை

கூரைக்குரியது பால் பல். ஒன்பது வயதில் விழுந்த முன்பல் பெரும்பாலும் நிலையான பல்லே. அது பிழைக்கக்கூடியது. அடுத்த முறை, வராமலிருக்கட்டும், வந்தால், வேரைத் தொடாமல் வெள்ளைப் பாகத்தைப் பிடித்தெடுத்து, அழுக்கிருந்தால் தேய்க்காமல் தண்ணீரில் ஒரு நொடி அலசி, உடனே அதே குழியில் பொருத்துங்கள். இயலாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு, அரைமணிக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். ஆனால் மூன்று வயதுக் குழந்தையின் பால் பல்லைத் திரும்பச் செருகவே கூடாது. அடியிலுள்ள பல்லின் முளைக்குச் சேதம் வரும். இப்போதும் பையனை உடனே காட்டுங்கள். வெறும் இடத்தையும் பராமரிக்க வேண்டியிருக்கிறது.

சாப்பிடாவிட்டால் பல் டாக்டரிடம் சொல்லிப் பல்லைப் பிடுங்கச் சொல்வேன் என்று மிரட்டுவேன். இப்போது மகள் டாக்டர் இருக்கும் தெருவுக்கே வர மறுக்கிறாள்.
— ஒரு தாய், தஞ்சாவூர்

தாங்கள் செய்த பிரசாரம் பலித்துவிட்டது. எதிர்ப் பிரசாரத்துக்குச் சற்றுக் காலமாகும்: வலியில்லாத ஒரு நாளில், நாற்காலியில் உட்கார்ந்து பற்களை எண்ணிவிட்டு வருவதற்கென்றே முன்கூட்டிச் சொல்லிவைத்து அழைத்துப் போங்கள். ‘வலிக்கவே வலிக்காது’ என்று சத்தியம் செய்யாதீர்கள். அதுவரை வலியைப் பற்றி நினைக்காத குழந்தைக்கும் அது நினைவு வந்துவிடும்.

பல் டாக்டருக்குச் சொத்தைப் பல் வருமா?
— ஐந்தாம் வகுப்பு மாணவன், திருச்சிராப்பள்ளி

வரும், தம்பி. அவர் படித்ததெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. கிருமிகளோ வாயில் இருக்கின்றன. தெரிந்துகொள்வதால் மாத்திரம் ஒரு பல்லும் காப்பாற்றப்பட்டதில்லை. தினம் இரண்டு வேளை செய்வதால்தான் காப்பாற்றப்படுகிறது. ஆகையால் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த திருப்தியில் உன் அப்பா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் படுக்கப் போனால், உன் தங்கையின் பிரஷ்ஷை எடுத்து அவர் கையில் நீயே கொடு.