வக்கீலைத் தவிர யார் வேண்டுமானாலும் வரலாம்

கேள்வி: குண்டர் சட்டத்தில் உள்ளே போனவர் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாதாமே, நிஜமா?

பதில்: பாதி நிஜம். திருடிப் பிடிபட்டவருக்கு அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு வக்கீலைத் தருகிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவும் சொல்கிறது. ‘விட்டால் ஏதாவது செய்துவிடுவார்’ என்று குண்டர் சட்டத்தில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு அதே பிரிவு இரண்டையும் பிடுங்கிக்கொள்கிறது. ஆக, செய்தவருக்கு வக்கீல் உண்டு, செய்யப்போகிறவருக்குக் கிடையாது!

அந்தக் காவல் சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் முன் அவரே வாதாட வேண்டியதுதான். துணைக்கு ஒரு நண்பரை அழைத்துக்கொள்ளலாம் என்று 1981 டிசம்பரில் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரிய மனசு பண்ணியது. நண்பர் வக்கீலாக இருந்தால்? வாசலோடு சரி. அரசுத் தரப்பு வக்கீலோடு வந்தால் மட்டும் இவருக்கும் உண்டு.

மிச்சப் பாதி, ஆட்கொணர்வு மனு. உயர் நீதிமன்றத்தில் வக்கீல் தாராளமாகப் பேசலாம். ஆனால் ‘என் கட்சிக்காரர் நல்லவர்’ என்று அங்கே நெஞ்சுருகிப் பயனில்லை. கைதிக்குக் கொடுத்த நகலில் எழுத்தே தெரியவில்லை, தமிழ் மட்டும் படிப்பவருக்கு இங்கிலீஷில் கொடுத்துவிட்டார்கள் என்று காட்டினால், பல சமயம் உத்தரவே ரத்து. ஓராண்டு சிறையை உடைப்பது ஒரு மங்கலான ஜெராக்ஸ்!