டேப்பர் அண்ணன்

அலமாரியைத் தூக்க ஆள் தேவைப்படும்போதெல்லாம் அண்ணன் டேப்பரில் இருப்பார்.

டேப்பர் என்றால் மலை ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு வாரம் உடம்பை அலட்டாமல் வைத்திருப்பது. ஓட்டம் முடிந்தால் ரெக்கவரி. அது இன்னொரு இரண்டு வாரம், அப்போதும் உடம்பை அலட்டக்கூடாது. இரண்டும் இல்லாத நாளில் ஆளைப் பிடிக்கலாமென்று ஒரு ஞாயிறு போன் போட்டேன். உலு பெண்டுலிலிருந்து அங்சி மலை ஏறிக்கொண்டிருந்தார். 800 மீட்டருக்கு மேல் உயரம். மத்தியானம் மறுபடி போட்டேன். இறங்கிவிட்டு மறுபடி ஏறிக்கொண்டிருந்தார்.

மாரத்தான் 42.195 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். அது அண்ணனுக்குக் காலைப் பசியாற மட்டும் காணும். ஐம்பது, நூறு என்றுதான் பெயர் கொடுப்பார். ஆனால் கோயில் திருவிழாவில் அண்டாவுக்கு ஒரு கை பிடிக்கச் சொன்னால், "குவாட் போயிரும் தம்பி" என்பார். குவாட் என்பது தொடைத் தசை.

துக்க வீட்டில் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் வந்தார். போன மாத ஓட்டத்துச் சட்டை, கணுக்காலில் அட்டைக்கடித் தழும்பு. ஒரு நாற்காலியைத் தூக்கினார், விரித்தார், உட்கார்ந்தார். இன்னொன்றை இழுத்துப் போட்டுக் காலை அதில் நீட்டிக்கொண்டார். கால் வீங்கிவிடுமாம். அந்த வீட்டில் அன்று கால் நீட்டியிருந்தவர்கள் இரண்டே பேர்.

1974இல் கலிபோர்னியாவில் கோர்டி ஐன்ஸ்லி என்பவர், குதிரைகளுக்கு வைத்த 100 மைல் போட்டியில் குதிரையே இல்லாமல் ஓடி, 24 மணி நேரத்துக்குள் முடித்தார். அண்ணன் இதைச் சொல்லாத கல்யாண விருந்து கிடையாது. அந்த மனுஷன் அடுத்த வாரம் வீட்டில் ஏதாவது தூக்கினாரா என்பதை மட்டும் சொல்லமாட்டேன் என்கிறார்.

அவருடைய அம்மா ரந்தாவ் பக்கம் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கு கட்டிக்கொண்டு நிரை நிரையாய் மேடேறி, வெயிலில் பால் வாளிகளை ஸ்டோருக்குச் சுமந்தவர். மகன் தலைவிளக்கு வாங்கிய விலையைக் கேட்டு இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. ரெக்கவரி பற்றியும் கேட்டார். "எங்களுக்கு மறுநாள் பெரட்டுடா" என்று உள்ளே போய்விட்டார்.

இவ்வளவு திட்டினாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓர் ஓட்டத்தில், நடுராத்திரி செம்பனைக் காட்டில் வழி தவறி உட்கார்ந்திருந்த சீனப் பெரியவரைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு வந்தார். கட்-ஆஃப் நேரம் போய்விட்டது, பதக்கமும் போயிற்று. இந்தக் கதையை அண்ணன் எந்த விருந்திலும் சொன்னதில்லை. பெரியவர்தான் தே ஓ குடிக்கும்போது எங்களிடம் சொன்னார்.

நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் ஓடும் இரவெல்லாம் அண்ணி செக்பாயின்டில், காருக்குள், கொசுக்கடியில், பிளாஸ்க் கஞ்சியோடு விழித்திருக்கிறார். திங்கட்கிழமை விடிந்தால் ஃபேக்டரி பஸ் ஏறுகிறார். அவருக்கு டேப்பரும் கிடையாது, ரெக்கவரியும் கிடையாது. சாயங்காலம் வந்து சேறு காய்ந்த சப்பாத்தைத் தேய்க்கிறவரும் அவர்தான்.

அந்தச் சப்பாத்தையாவது அண்ணனே கழுவட்டும்.