மாப்ளே வீட்டுத் தோட்டம்

மாப்ளே, புது வீட்டுத் தோட்டம் பாத்தேன்யா. பிரமாதம்! மெக்சிகன் புல்லு, கொரியன் புல்லு, சீமைப்பனை... பாஸ்போர்ட்டு இல்லாத செடி ஒண்ணையும் உள்ள விடலை போல. வேலியோரம் தானா மொளைச்ச எருக்கையும் பிடுங்கி எறிஞ்சிட்டயாமே. நல்ல காரியம். அப்புறம் எதுக்கு போனப் போட்டு, "மாமா, பட்டாம்பூச்சியே வரமாட்டேங்குது"ன்னு அழுத?

வெந்தய வரியன்னு காவி நெறத்துல ஒரு பூச்சி. அது எருக்கைத் தேடிப் போயி முட்டை வைக்கும். புழு அந்த எலையத் தின்னுதான் ஒடம்புல வெசம் ஏத்திக்கிடும். ஒருக்கா கொத்துன குருவி மறுக்கா கிட்டப் போகாது. ஒன் கொரியன் புல்ல வச்சு அந்தப் பூச்சி என்ன செய்யும்?

கறிவேப்பிலையில காக்கா எச்சம் மாதிரி ஒட்டியிருந்துச்சுன்னு மருந்தடிச்சயே, அது எச்சமில்லய்யா, புழு. குருவிய ஏமாத்தப் போட்ட வேசம். குருவி ஏமாந்துச்சோ என்னமோ, நீ ஏமாறலை! விட்டிருந்தா பச்சையாகி, கூடுகட்டி, கறுத்த ரெக்கையோட பறந்திருக்கும். கறிவேப்பிலை அழகின்னே அதுக்குப் பேரு. புள்ள வேணும், பீத்துணி நாறக்கூடாதுன்னா எப்படி மாப்ளே?

சிட்டுக்குருவிக்குப் பெட்டி மாட்டி தினை போட்டிருக்க. பெருசு திங்கும், சரி. குஞ்சுக்குத் தாய் ஊட்டுறது பூச்சியும் புழுவுமில்லா? நீ மருந்தடிச்ச தோட்டத்துல அதுக்கு எங்கன போகும்?

யோசனை ஒண்ணு சொல்றேன். காசு வாங்காமச் சொல்றதால நீ கேக்கமாட்ட. வேலியோரம் ரெண்டு ஆவாரை வை. பூ ஒனக்கு, எலை புழுவுக்கு. தும்பை தானா வந்தா தொடாத, தேனீக்கு ஆகும். கல்யாண முருங்கைக் கம்பு ஒண்ணு ஒடிச்சு ஊணிப் பாரு. செவப்பாப் பூத்துட்டா தேன்சிட்டும் மைனாவும் அடிச்சுக்கிடும். அக்காவுக்குச் சளி பிடிச்சா அடைக்கு எலையும் ஆச்சு.

நர்சரியில ஆவாரை கேட்டா ஒன்னைய ஏற எறங்கப் பாப்பாக. கேக்காத, காட்டோரத்துல வெத சும்மா கெடக்கு. கலர் கலரா உன்னிச்செடிய நீட்டுனா வாங்கிராத. அமெரிக்கச் சரக்கு, நம்ம மலைக்காட்டையே வளைச்சுப் போட்டது. தேன் குடிக்கப் பூச்சி வரும். நம்மூருப் பட்டாம்பூச்சிப் புழுவுல அநேகத்துக்கு அங்க சோறு கெடையாது.

பிடுங்குன எருக்கு திரும்பத் துளுத்தா விட்டுரு. அப்பவும் கை அரிச்சு ஒடிக்கத்தான் போறேன்னா, பாலு கண்ணுல படாமப் பாத்துக்கோ. பட்டா கண்ணு கெட்டுரும்.