மதுரை பங்களாவின் எசமானர்கள்

கடல் கடந்து சமயப்பணி செய்யச் சென்ற குடும்பங்களைப் பற்றிய நூல்களில், ஞானஸ்நானம் பெற்றோர் தொகையும் திறக்கப்பட்ட பள்ளிகளின் தொகையும் தவறாமல் கிடைக்கும். அக்குடும்பத்தின் சர்க்கரை டப்பாவில் எத்தனை எறும்புகள் இருந்தன என்ற கணக்கு மட்டும் கிடைக்காது. 1834இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மதுரை மிஷனுக்கும் இது பொருந்தும். அதன் தலைமைக் கழகம் பாஸ்டன் நகரில் இருந்தது. சம்பளமும் உத்தரவும் அங்கிருந்தே வந்தன என்றாலும், அக்காலத்தில் ஒரு கடிதம் கப்பலேறி வந்துசேர மாதக்கணக்கில் ஆனதால், பங்களாவின் அன்றாட ஆட்சி சமையற்காரரிடமே இருந்தது.

எளிய வாழ்வை விரும்பி வந்த பாதிரியார் வீட்டில் வேலையாட்கள் பலர் இருந்ததற்குக் காரணம் ஆடம்பரமன்று. பரிமாறும் பட்லர் விளக்குமாற்றைத் தொடமாட்டார். பெருக்குகிறவர் துணி வெளுக்கமாட்டார். சாதிக்கொரு வேலை என்ற ஏற்பாட்டை ஞாயிறன்று பிரசங்க பீடத்தில் கண்டித்தவரின் அடுக்களையே திங்கட்கிழமை அந்த ஏற்பாட்டின்படிதான் நடந்தது என்பது சற்றே சங்கடமான உண்மை.

எறும்புக்கோ இத்தகைய வேறுபாடு கிடையாது. அதைத் தடுக்க, உணவு அலமாரியின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்துவது வழக்கம். கோடையில் ஒரு கிண்ணம் வற்றினாலும், அலமாரியின்மீது ஒரு துடைப்பக் குச்சி சாய்ந்து நின்றாலும், அகழி கடக்கப்பட்டு, மறுநாள் காப்பி சர்க்கரையின்றியே குடிக்கப்பட்டது. கறையான் அதைவிடக் கல்வி நாட்டமுடையது. இறையியல் நூல்களை அட்டை மட்டும் மிஞ்சும்படி வாசித்து முடித்துவிடும்.

மொழி விஷயத்தில் வேறொரு வேடிக்கை உண்டு. பாதிரியார், முன்ஷி எனப்படும் தமிழாசிரியரிடம் இலக்கணத் தமிழைப் பயின்று தேர்வெழுத, அவருடைய குழந்தை ஆயாவின் இடுப்பிலிருந்தபடியே தெருத்தமிழைச் செலவின்றிக் கற்றுக்கொண்டது. சந்தையில் எவருடைய தமிழ் செல்லுபடியாகியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

காலராவும் காய்ச்சலும் மட்டும் வேடிக்கைக்கு உரியவையல்ல. அவை பங்களாக்களில் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயின. அதற்கு அஞ்சியே இம்மிஷனார் 1845இல் பழனிமலையில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினர். அதுவே கொடைக்கானல் என்னும் கோடைவாசத்தலத்தின் தொடக்கம். மோட்டார்ப் பாதை இல்லாத அந்நாளில், சமவெளியைக் கடக்க மாட்டுவண்டியும், மலையேற நாற்காலியைத் தோளில் சுமக்கும் ஆட்களும் தேவைப்பட்டனர். பாதிரியார் குடும்பம் குளிர்காற்றைத் தேடிச் சென்ற அந்தப் பயணத்தில் முழுமையாக வியர்த்தவர்கள் தூக்கிச் சென்றவர்களே.

பள்ளி வயதெய்திய பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் காணாதிருந்த பெற்றோர் பலர். அப்பிரிவுக்கு மாற்றாக 1901இல் கொடைக்கானலில் 13 பிள்ளைகளுடன் தொடங்கிய ஹைகிளர்க் பள்ளியே இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி.