பறந்து போன சுருள்வில்

கேள்வி: கட்டாரிலிருந்து அப்பா கொண்டுவந்த பழைய சீக்கோ 5 மணிக்கூட்டைக் கழற்றித் திருத்தப் பழகுகிறேன். நேற்று ஒரு சின்னச் சுருள்வில் பறந்துவிட்டது. வீடு முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. எனக்கு இந்த வேலை சரிவராதோ?
– வாசகர், திருக்கோவில்

பதில்: சுருள்வில் பறக்காத மேசையில் யாரும் இந்த வேலையைப் பழகியதில்லை, தம்பி! வில்லைக் கழற்றும்போது மணிக்கூட்டையும் கைகளையும் தெளிவான பொலித்தீன் பைக்குள் வைத்துச் செய்யுங்கள்; பறந்தாலும் பைக்குள்ளேதான் கிடக்கும். மேசையில் வெள்ளைத் துணி விரியுங்கள். காந்தத்தால் தேடுவதானால் மணிக்கூட்டைத் தூர வைத்துவிடுங்கள். காந்தம் ஏறினால் மயிரிழைச் சுருள் ஒட்டிக்கொள்ள, நேரம் முந்தி ஓடும்.

கழற்றுமுன் பிரதான வில்லின் முறுக்கை மெல்லத் தளர்த்துங்கள். ஒவ்வொரு படியையும் தொலைபேசியில் படமெடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். மணிக்கூட்டு எண்ணெயை ஊசிமுனையளவு வைத்தால் போதும். நம்மூர் உப்புக்காற்றும் கைவியர்வையும் உருக்கைத் துருவாக்கும், வெறுங்கையால் தொடாதீர்கள்.

சீக்கோ 5 மாதிரிகள் பலவற்றின் துடிப்பு மணிக்கு 21,600. ஒரு நாளுக்கு 5,18,400. இத்தனை தரம் பிசகாமல் துடிக்கும் பொருள் நம் கைக்கும் பொறுமை கேட்பது நியாயம்தானே?

அப்பாவின் மணிக்கூட்டை இப்போதைக்குப் பெட்டியில் வையுங்கள். ஓடாத பழைய மணிக்கூடு ஒன்றை வாங்கி, பத்துத் தரம் கழற்றிப் பூட்டுங்கள். பிறகு அப்பாவினதைத் தொடுங்கள்.